வாசகர் கேள்வி – பதில்: வறுமைக் கோடும் வட்டிக் கொப்பியும்

நாட்டின் வறுமை பற்றியும் ஊர்மட்டத்தில் அதற்கு எதிராக நடக்கும் முயற்சிகள் பற்றியும் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழிற் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஏழு கடிதங்களை இங்கு எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: இலங்கையில் வறியோர் 2016 இல் 4.1 வீதம் என்றும் 2019 இல் 14.3 வீதம் என்றும் நான் மாணவருக்குக் கொடுக்கும் குறிப்பில் இருக்கிறது. மூன்றே ஆண்டுகளில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் எப்படிப் பெருகியது என்று ஒரு மாணவன் கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை. — ஆசிரியை, சுன்னாகம்

பதில்: பெருகியது வறுமையன்று, அளவுகோல். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான செலவின ஆய்வு என்ற பெயரில் நாடு முழுவதும் குடும்பங்களைத் தெரிவுசெய்து, அவர்கள் ஒரு மாதத்தில் எதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று கேட்டு எழுதுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி கிடைக்கக்கூடிய உணவின் விலையையும், அவ்வளவு உண்ணும் எளிய குடும்பங்கள் உடை, போக்குவரத்து, மருந்து முதலியவற்றுக்குச் செலவிடும் தொகையையும் கூட்டினால் வருவதுதான் வறுமைக் கோடு. 2016 இன் கணக்கு, 2002 ஆம் ஆண்டுக் குடும்பங்களின் செலவுப் பழக்கத்தை வைத்துக் கீறிய பழைய கோட்டை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, ஆளுக்கு மாதம் 4,166 ரூபா என்று கொண்டது. 2019 இன் கணக்கு 2012/13 இன் செலவுப் பழக்கத்தை அடிப்படையாக எடுத்து, கோட்டை 6,966 ரூபாவில் வைத்தது. கோடு மேலே போனபோது, முன்பு அதற்குச் சற்று மேலே நின்றவர்களும் கீழே வந்துவிட்டார்கள். உங்கள் குறிப்பில் அந்த இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைக்காதீர்கள். தவறு அதில்தான் இருக்கிறதேயொழிய மாணவனின் கேள்வியில் இல்லை.

மக்களின் வாழ்க்கையில் உண்மையான வீழ்ச்சி அதற்குப் பிறகு வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டன. உலக வங்கி தன்னுடைய வேறொரு கோட்டை, அதாவது கொள்வனவுச் சக்திக்கு ஏற்பச் சரிசெய்த நாளொன்றுக்கு 3.65 டொலரை வைத்துப் பார்த்தபோது, வறியோர் 2021 இல் 13.1 வீதமாகவும் 2022 இல் 25 வீதமாகவும் இருந்தனர். திணைக்களத்தின் கோடும் 2024 இல் ஆளுக்கு 16,000 ரூபாவைத் தாண்டி நின்றது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 64,000 ரூபாவுக்கு மேல்.

மாணவனுக்கு இன்னொன்றையும் சொல்லலாம். இந்தக் கணக்கு எண்ணுவது வருமானத்தையல்ல, செலவை. கூலிக்காரரின் வருமானம் வாரத்துக்கு வாரம் மாறுவதால் அவர் சொல்லும் தொகையை நம்பிக் கணக்கெடுப்பது கடினம் என்பது அதற்குக் காரணம். ஆனால் கடன் வாங்கிச் சாப்பிட்ட சோறும் செலவுக் கணக்கிற் சோறுதான். காப்பை ஈடு வைத்து மகளின் பாடசாலைச் செலவைக் கட்டிய தாய், அந்த மாதம் கோட்டுக்கு மேலே நிற்பார்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒன்று மாடி வீடு. வெளிநாட்டுக் காசு வராத வீடு குறைவு. யாழ்ப்பாணத்தில் வறுமை என்று பேசுவது பிறரிடம் கையேந்தப் பழகியவர்களின் பேச்சு என்று நினைக்கிறேன். தவறா? — வாசகர், கரவெட்டி

பதில்: உங்கள் ஒழுங்கையைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். மாவட்டத்துக்கு அது பொருந்தாது. நாடு முழுவதற்கும் 4.1 வீதம் என்று சொல்லப்பட்ட அதே 2016 கணக்கில் யாழ்ப்பாண மாவட்டம் 7.7 வீதமாகவும் கிளிநொச்சி 18.2 வீதமாகவும் இருந்தன. 2019 கணக்கில் முல்லைத்தீவு 44.5 வீதம், கொழும்பு 2.3 வீதம். வடக்கை விட்டு வெளியே பார்த்தால், அதே ஆண்டில் பெருந்தோட்டத்துறை மக்களில் 33.8 வீதமானோர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். வறுமையை நம்முடைய தனித் துயரமாகப் பேசும் பழக்கம் நம்மவரிடம் உண்டாகையால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் காசு உறவுமுறை வழியாகவே வருகிறது. விமானச் சீட்டுக்கும் முகவருக்கும் கொடுக்கக் காணி விற்கவோ ஈடு வைக்கவோ முடிந்த குடும்பங்களிலிருந்துதான் பிள்ளைகள் போனார்கள். விற்பதற்குக் காணி இல்லாதவர்கள் இங்கேயே இருந்தார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களில் இருந்தவர்களைப் பாருங்கள். வேறு இடத்திற் காணி வைத்திருந்தவர்களும், வாங்க வசதி பெற்றவர்களும், உறவினர் வீட்டில் இடம் கிடைத்தவர்களும் ஒவ்வொருவராக வெளியேற, கடைசிவரை தகரக் கொட்டிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் முன்பும் பிறர் காணியிற் குடியிருந்தவர்களே. அவர்கள் எந்தச் சாதியினர் என்று நான் எழுதித்தான் கரவெட்டியில் உள்ளவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரே ஊரில் இரண்டு சனசமூக நிலையங்கள், இரண்டு விளையாட்டுக் கழகங்கள் இருப்பதையும், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ரொறொன்ரோவிலிருந்து காசு வருவதையும் நீங்களே கண்டிருப்பீர்கள்.

கேள்வி: வேலை செய்ய மனமில்லாதவர்கள்தான் வறியவர்களாக இருக்கிறார்கள் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். என்ன பதில் சொல்லலாம்? — மாணவன், மானிப்பாய்

பதில்: கள் இறக்கும் சீவல் தொழிலாளி ஒருவர் நாளுக்கு இரண்டு முறை எத்தனை பனை ஏறி இறங்குகிறார் என்று மாமாவை ஒரு நாள் கூட நின்று எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா சின்னப் படகிற் தொழிலுக்குப் போகிறார். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களை விட வசதியாக இருக்கும் ஒரு வீட்டுக்குக் கிடைத்திருக்கிறது. யார் இதைத் தீர்மானிக்கிறார்கள்? விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டால் தன் கையில் இல்லை என்கிறார். — மகள், குருநகர்

பதில்: விதானையார் சொல்வது பெரும்பாலும் உண்மை. 1989 இல் வந்த ஜனசவிய என்ற அரசாங்க உதவித் திட்டத்திலும் 1995 இல் அதன் இடத்துக்கு வந்த சமுர்த்தியிலும், யாருக்குக் கொடுப்பது என்பதில் ஊர்மட்ட அலுவலருக்கும் அரசியல்வாதிக்கும் பெரிய கை இருந்தது. கட்சிக்காரருக்குக் கிடைக்கிறது, கஷ்டப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு நெடுங்காலம் இருந்தமையால், 2023 யூலையிலிருந்து வழங்கப்படும் அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வேறு முறையிற் போகிறது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பகுதிகளில் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளிதான் உங்களை ஒரு வகையில் இருத்துகிறது, அல்லது வெளியே விடுகிறது. தொடக்கத்தில் மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபாவும் வறியவருக்கு 8,500 ரூபாவும் என்றிருந்த உச்சத் தொகைகள் 2025 இல் 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன.

கட்சிக்காரரின் கையை எடுத்தது நல்லது. ஆனால் கணக்கெடுக்க வருபவரின் கண்ணுக்குச் சுவர் தெரியும், கடன் தெரியாது. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஏறக்குறைய 46,000 குடும்பங்களுக்கு வீடு கட்ட ஐந்தரை இலட்சம் ரூபா வீதம் கிடைத்தது. அந்தக் காசு போதாமல், கூரை போடவும் நிலத்துக்குச் சீமெந்து போடவும் கடன்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கல்வீடு என்று எழுதும்போது அவர்கள் வசதியானவர்கள் ஆகிவிடுகிறார்கள். கடற்றொழிலாளர் குடும்பத்தில் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் சொத்து. ஆனால் அந்த இயந்திரம் குடிக்கும் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது, எத்தனையோ நாள் படகு கரையிலேயே கிடந்தது. கிடந்த படகும் சொத்துத்தான்.

உங்களுக்கு வழி உண்டு. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம்; தகுதியற்றவர் பெறுகிறார் என்று கருதுபவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதற்கென அறிவிக்கப்படும் காலத்தில் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போய், எந்த அளவுகோலில் உங்கள் புள்ளி குறைந்தது என்று முதலிற் கேளுங்கள். அயல்வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்று எழுதுவதை விட, உங்கள் வீட்டில் எந்த விபரம் பிழையாகப் பதிவானது என்று எழுதுவது பலன் தரும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து தொழில் நாட்களையும் பிடியையும் குறித்து ஒரு கடிதம் எடுத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடன் நிறுவனத்திடம் 50,000 ரூபா எடுத்தேன். கிழமைக்கு 1,400 ரூபா வீதம் 52 கிழமை. வட்டி எத்தனை வீதம் என்று எனக்குத் தெரியாது. அதைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுத்தேன், பிறகு இன்னொன்று. இப்போது ஊரில் ஒரு சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். அதுவும் கடன் கொடுக்கும் இடம்தானே, என்ன வித்தியாசம்? — மூன்று பிள்ளைகளின் தாய், சாவகச்சேரி

பதில்: முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1,400 ரூபாவை 52 ஆற் பெருக்கினால் 72,800. நீங்கள் மேலதிகமாகக் கட்டியது 22,800. ஐம்பதாயிரத்துக்கு அது ஏறக்குறைய நாற்பத்தாறு வீதம் என்று தோன்றும். ஆனால் ஐம்பதாயிரமும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். கட்டாமல் மீதியாக இருந்த தொகை சராசரியாக அதன் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த மீதிக்கு வட்டி என்று பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 79 வீதம் வரும். இந்தக் கணக்கு முகவரின் பைக்குள் இருக்கும் கொப்பியில் எழுதப்படுவதில்லை.

போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் நிதி நிறுவனங்கள் வரிசையாக வடக்குக்கு வந்தன. ஈடு வைக்க எதுவும் இல்லாத பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக் கடன் கொடுத்தன. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுதந்திர நிபுணர், ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்ட கதைகளைக் கேட்டதாகப் பதிவு செய்தார். அதே ஆண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபா வரை நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமற் போன பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கின. வீதியில் இறங்கிப் போராடிய பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இனிச் சங்கம். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மாதக் கூட்டத்தை அண்மையில் வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் விறாந்தையில் இருந்து பார்த்தேன். பதினெட்டுப் பெண்கள். செயலாளர் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து போய்ச் சேமிப்புக் காசை மேசையில் வைத்தார்கள். எண்ணி, கொப்பியில் எழுதி, இருவர் கையெழுத்திட்டார்கள். பிறகு ஒரு பெண், கணவரின் முச்சக்கர வண்டி திருத்த இருபத்தையாயிரம் வேண்டும் என்றார். போன கடனில் இரண்டு தவணை பிந்தியதே என்று ஒருவர் கேட்டார். அப்போது பிள்ளைக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் நின்றேன் என்று பதில் வந்தது. ஓம், அது எங்களுக்குத் தெரியும் என்று இன்னொருவர் சொன்னார். பதினையாயிரம் தருவது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று முடிந்தது. முழுவதும் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நீங்கள் கேட்ட வித்தியாசம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. அங்கே கடன் கொடுப்பது அவர்களுடைய காசு. வட்டியைத் தீர்மானிப்பதும் அவர்களுடைய பொதுக்கூட்டம். வந்த வட்டி அவர்களுடைய பங்குக்கே திரும்புகிறது. கொப்பி எல்லோருக்கும் முன்னால் திறந்து கிடக்கிறது. ஆனால் எல்லாச் சங்கமும் அப்படி நடப்பதில்லை. தலைவரின் உறவினருக்கு மட்டும் கடன் போகும் சங்கமும், ஆண்டுக் கணக்காகக் கணக்காய்வு நடக்காத சங்கமும் உண்டு. சேருமுன் ஒரு கூட்டத்துக்குப் போய் இருந்து பாருங்கள். கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய கடனைப் பற்றியும் ஒரு சொல். பழையதைக் கட்டப் புதியதை எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எந்த நிறுவனம், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது என்று பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டுத் தராதவரிடம் இனிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் கத்தரியும் வெங்காயமும் செய்கிறேன். சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் காசு. பத்துக் கிலோ கழிவு. இதை எத்தனை கூட்டத்திற் பேசியாயிற்று! கூட்டுறவு வந்தால் எல்லாம் சரியாகும் என்று எழுதுகிறீர்கள், எங்கள் சங்கத்திற் கதிரை மட்டும்தான் இருக்கிறது. — விவசாயி, உரும்பிராய்

பதில்: கோபம் நியாயமானது. வாடலுக்கும் அழுகலுக்கும் என்று எந்தக் காலத்திலோ தொடங்கிய கழிவு, இப்போது வாடாத காய்க்கும் எடுக்கப்படுகிறது. நகரத்து வாசகருக்காக அதன் எடையைச் சொல்லிவிடுகிறேன். கிலோ நூறு ரூபா என்றால் நூறு கிலோவுக்கு 10,000 ரூபா. பசளை, மருந்து, தண்ணீர் இறைப்பு, கூலி எல்லாம் சேர்ந்து 8,000 ரூபா என்று வைத்தால் விவசாயிக்கு மிஞ்ச வேண்டியது 2,000. கழிவாற் போவது 1,000. பத்து வீதம் என்று வியாபாரி சொல்வது தோட்டக்காரரின் ஆதாயத்திற் பாதி.

தனியாகப் போகும் ஒருவரால் இதை மறுக்க முடியாது. காலை ஆறு மணிக்குக் கத்தரிக்காயைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக யாராலும் இயலாது, வியாபாரிக்கும் அது தெரியும். நம்முடைய பாட்டன்மார் இந்த இக்கட்டைப் புகையிலையிற் கண்டார்கள். கேரளத்துக்குப் போகும் புகையிலையைத் தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்து அலுத்து, 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார்கள். அதே பத்தாண்டில் மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரை யாழ்ப்பாண நகரில் இன்றும் ஒரு மண்டபம் தாங்கி நிற்கிறது; அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்களிற் பலருக்கு அவர் யார் என்று தெரியாது. 1970களின் தொடக்கத்தில், தவறணை எனப்படும் கள்ளுக்கடைகளின் குத்தகைக்காரரின் பிடியிலிருந்த சீவல் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் வந்தார்கள். இறக்கிய கள்ளைச் சங்கம் ஏற்றது, சங்கத்தின் தவறணையில் விற்றது, எஞ்சியதைத் திக்கம் வடிசாலைக்கு அனுப்ப வழி பிறந்தது. நிலமோ படிப்போ துணை நில்லாத ஒரு தொழிலாளர் கூட்டத்துக்குத் தன் பொருளின் விலையிற் பேச்சுரிமை கிடைத்தது என்றால், நம்மூர்க் கூட்டுறவு செய்தவற்றில் அதையே நான் முதலில் வைப்பேன்.

பிறகு என்ன ஆயிற்று? போர்க்காலத்திற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நிவாரணம் பங்கிடும் இடங்களாக மாறின. பொருளாதாரத் தடையின்போதும் 2006 இல் ஏ9 மூடப்பட்டபோதும் சங்கக்கடை இல்லாவிட்டால் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள். ஆனால் வரிசையில் நின்று அரிசி வாங்கிய பழக்கத்தில், அது தன்னுடைய கடை என்பதை அங்கத்தவர் மறந்தார். நிர்வாகத்துக்குக் கொழும்பைப் பார்த்தே இருக்கும் பழக்கம் வந்தது. உங்கள் சங்கத்திற் கதிரை மட்டும் மிஞ்சியதற்கு அந்த முப்பது ஆண்டுகளும் ஒரு காரணம். பொதுக்கூட்டத்துக்குப் போகாத நாங்களும் ஒரு காரணம்.

செய்யக்கூடியது சிறியது. சங்கத்தின் எல்லா அங்கத்தவரையும் அல்ல, ஒரே பயிர் செய்யும் இருபது பேரை மட்டும் கூட்டுங்கள். உங்களுடைய சொந்தத் தராசு ஒன்றை வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், தோட்டத்திலேயே நிறுத்து, தரம் பிரித்து, ஒரே லொறியில் ஏற்றி, ஒரு கொள்வனவாளருடன் முன்கூட்டியே விலை பேசிக் கொடுத்துப் பாருங்கள். அழுகலை நீங்களே எடுத்துவிட்டால் கழிவு கேட்க அவருக்குக் காரணம் இருக்காது. முதற் போகத்தில் நட்டம் வரவும் கூடும். 2025 இல் அரசாங்கம் தொடங்கிய பிரஜாசக்தி திட்டம் ஊர்மட்டக் குழுக்களின் வழியாக வறுமை ஒழிப்பைச் செய்யப் போவதாகச் சொல்கிறது. உங்கள் பிரிவின் குழுவிற் தோட்டக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் தராசுக்குக் காசு கேட்கப் போகும் முன் அந்த இடத்தைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கம் இங்கே ஒரு தொகை சேர்த்திருக்கிறது. வறிய குடும்பங்களுக்கு ஆடும் கோழியும் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். கோயில் அன்னதான மடத்தைத் திருத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் கருத்து? — வாசகர், இலண்டன்

பதில்: கோழி கொடுத்த கதை இங்கே நிறைய உண்டு. ஒரே ஊரில் முப்பது வீட்டுக்கும் கோழிக்கூடு கொடுத்துவிட்டு, முட்டையை யார் வாங்குவது என்று ஒருவரும் கேட்காமற் போனார்கள். தீவனத்தின் விலை ஏறியதும் கோழி கறியாயிற்று, கூடு விறகாயிற்று. கொடுத்தவர்களின் படங்கள் மட்டும் நிலைத்தன.

அனுப்புமுன் ஊரிலிருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ சிக்கன கடனுதவிச் சங்கத்திடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் அங்கத்தவர்கள் வெளியே எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள்? அந்தத் தொகையையும் வட்டியையும் எழுதித் தரக்கூடிய சங்கமென்றால், அதன் சுழற்சி நிதிக்கு உங்கள் காசைச் சேர்த்து, எழுபது எண்பது வீத வட்டிக் கடனிலிருந்து அவர்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றிவிடலாம். இரண்டு தவணையாக அனுப்புங்கள். முதலாவதன் கணக்கு வந்தபின் இரண்டாவது. ஊரில் இரண்டு சங்கம் இருந்தால், உங்கள் உறவினர் இல்லாத சங்கத்தையும் விசாரியுங்கள்.

அன்னதான மடத்தின் கூரை ஒழுகுகிறது என்றால் அதையும் திருத்துங்கள், ஆனால் அந்தக் காசை வேறு கொப்பியில் எழுதுங்கள்.